மாநிலத்தை எதிர்த்து என் பெயர்

என் தம்பி வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்யமாட்டான். லோரி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது என்று நானே அவனிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அதனால் அன்று காலை கிளினிக்கில் என் கைப்பேசி அதிர்ந்து, திரையில் அவன் பெயர் தெரிந்ததும், விபத்து என்றுதான் நினைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் நர்ஸாக இருக்கிறேன். வீடு கிள்ளானில். கையுறையைக் கழற்றிக்கொண்டே பின்கட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, லோரிய புடிச்சிட்டாங்க."

"உனக்கு ஒண்ணும் இல்லியே? அடிகிடி பட்டிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ரோட் புளோக். பெர்மிட் இல்லன்னு சொல்றாங்க."

"எல்லாம் போன மாசந்தானே புதுப்பிச்சோம்?"

"அது இல்ல. இது வேற பெர்மிட். இந்த ஸ்டேட்டுக்குன்னு புதுசா ஒரு சட்டம் வந்திருக்காம். லோரிய இங்கியே விட்டுட்டுப் போகச் சொல்றாங்க."

பின்னால் யாரோ மலாயில் அதட்டுவது கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டது.

தம்பியின் தொழில் பழைய இரும்பு. மூடப்படும் தொழிற்சாலைகளில் கம்பி, கதவு, கூரைச் சட்டம் என்று வாங்கி, போர்ட் கிள்ளான் பக்கத்தில் இருக்கும் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுவான். அங்கிருந்து அது கப்பலேறும். அன்று பக்கத்து மாநிலத்தில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் ஜன்னல் கம்பிகளையும் இரும்புக் கதவையும் ஏற்றிக்கொண்டு வந்தான். தொழிற்சாலைக்காரர் கொடுத்த ரசீது சட்டைப் பையில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அந்த மாநிலத்தில் சாக்கடை மூடிகள், மின்கம்பிகள், பாலத்துக் கைப்பிடிகள் தொடர்ந்து களவு போய்க்கொண்டிருந்தன. அதனால் அவர்களுடைய சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. மாநிலத்தை விட்டுப் பழைய இரும்பை வெளியே கொண்டுபோகும் லோரிக்கு மாநிலத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். இல்லையென்றால் சரக்கும் போகும், லோரியும் போகும். திருட்டு இரும்பா, காசு கொடுத்து வாங்கிய இரும்பா என்பதெல்லாம் அதில் இல்லை. அனுமதி இல்லாமல் ஓட்டியவன்மேல் தனி வழக்கு.

லோரி என் பெயரில் இருந்தது. தம்பிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, எனக்கு இருந்தது. வங்கிக்கு அது போதும். அந்தக் கையெழுத்தைப் போட்ட அன்று, பெரிய விஷயம் எதையும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. லோரியை ஏன் மாநிலம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நான் காரணம் சொல்லவேண்டுமாம். என் கணவர் கிள்ளானில் ஒரு தேசியப் பள்ளியில் மலாய் ஆசிரியர். அரசாங்க மலாயை அவரைப்போலப் படித்துச் சொல்ல எங்கள் உறவில் ஆளில்லை. அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"விட்டுடலாமா?" என்றார்.

"லோரியவா?"

"உன் தம்பிக்கு வேற வேல கிடைக்கும். அரசாங்கத்தோட போய் முட்டிக்கிட்டு... நான் அரசாங்கச் சம்பளம் வாங்குறவன்மா. நாளைக்கி சரவாக் உட்புறத்துல ஒரு ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டாங்கன்னா?"

"அது ஒரு மாநிலத்து அரசாங்கம், நீங்க நாட்டு அரசாங்கம்."

"மேல இருக்கறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அவர் பயந்தால் கோபப்படுவார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் பயந்தால் மிகவும் மெதுவாகப் பேசுவார். அன்று அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கிள்ளானில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். நில விவகாரங்களில் பெயர் வாங்கியவர். சட்டமே செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் கேட்போம் என்றார். எங்களுக்கு அது பெரிய வார்த்தையாக இருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்தோம். வழக்கு எடுக்கப்பட்ட அன்று மாநில அரசின் வழக்கறிஞர் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி நிமிர்ந்து எங்கள் வழக்கறிஞரைப் பார்த்து, இந்தக் கேள்வியை இங்கே கேட்கமுடியாது என்றார். அவ்வளவுதான். இரும்பைப் பற்றியோ லோரியைப் பற்றியோ ஒரு சொல் பேசப்படவில்லை.

வெளியே வந்து, "அப்ப எங்க சார் கேக்கறது?" என்றேன்.

"கொஞ்சம் கோம்ப்ளிகேட்டட்மா. நான் பாத்துச் சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவருடைய குமாஸ்தாதான் எடுப்பார்.

தோற்றிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். தோற்கவும் இல்லை என்பதுதான் என்னை வாட்டியது. காலையில் கிள்ளான் நிலையத்தில் கொமியூட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரும்வரை அதே நினைப்புதான். பெட்டியில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எதிர் ஜன்னலில் தெரியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாள்களில் எங்கள் கிளினிக்குக்கு ஒரு பெண்மணி கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில் அவருடைய வழக்கறிஞர் அலுவலகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் இருந்தவர் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று அடுத்த அறைக்குப் போயிருந்தார். நான் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன மிஸ்ஸி, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு?" என்றார். நர்ஸை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

யாரும் கேட்காமல் இருந்ததால்தான் தாங்கிக்கொண்டிருந்தேன் போலும். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லோரி, நோட்டீஸ், உயர் நீதிமன்றம், போன் எடுக்காத வழக்கறிஞர். அவர் சாய்ந்து படுத்தபடியே கேட்டார். பாதி உதடு மரத்துப்போயிருந்ததால் பேச்சு குழறியது.

"தப்பான கோட்டுக்குப் போய்ட்டீங்க."

அதற்குள் மருத்துவர் வந்துவிட்டார். வாயைத் திறக்கவேண்டியதாயிற்று. வேலை முடியும்வரை நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு முறை விரலை உயர்த்தினார். வலிக்கிறதோ என்று மருத்துவர் நிறுத்தினார். இல்லை என்று தலையசைத்து, அந்த விரலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். போய்விடாதே என்று அர்த்தம். வாய் கொப்பளித்துத் துப்பியதும் முதல் வேலையாக, "ஆபீஸுக்கு வாங்க. எல்லாப் பேப்பரும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

அவர் அலுவலகத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அரசியலமைப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இங்க பாருங்க. எதெதுக்குச் சட்டம் போட கூட்டரசுக்கு, அதாவது நாட்டு அரசாங்கத்துக்கு அதிகாரம், எதெதுக்கு மாநிலத்துக்கு அதிகாரம்னு பிரிச்சு வச்சிருக்கு. நிலம், ஆறு, நகராட்சி, இதெல்லாம் மாநிலம். மோட்டார் வண்டி, வியாபாரம், இதெல்லாம் கூட்டரசு. உங்க தம்பி வண்டி மாநில எல்லையத் தாண்டுதுன்னு தானே புடிச்சாங்க? அப்படி ஒரு சட்டம் போட அந்த மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கான்னு கேக்கறோம். இந்த ஒரு கேள்விய வேற எந்தக் கோர்ட்டும் தொட முடியாது. கூட்டரசு நீதிமன்றம் மட்டுந்தான்."

"அப்ப அங்கியே போய்க் கேட்டுடலாமா?"

"நேரா போய்க் கேக்க விடமாட்டாங்க. மொதல்ல அனுமதி கேக்கணும். அந்தக் கோர்ட்டு நீதிபதி ஒருத்தர் உக்காந்து, இது உருப்படியான கேள்வியா, இல்ல வெட்டிப் பேச்சான்னு பாப்பார். அவர் போகலாம்னு சொன்னாத்தான் கேஸே போட முடியும்."

"கேஸ் போடலாமான்னு கேக்கறதுக்கே ஒரு கேஸா மேடம்?"

"ஆமா லா. இல்லாட்டி ஆளாளுக்குச் சட்டம் செல்லாதுன்னு வந்து நிப்பாங்க."

என் மனத்தில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "என் தம்பி திருடன் இல்லன்னு அங்க சொல்லுவீங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லமாட்டேன். அவர் நல்லவரா கெட்டவரா, சட்டம் கொடுமையா இல்லியா, அதெல்லாம் இந்தக் கேஸுல கேள்வியே இல்ல. அதிகாரம் இருக்கா, இல்லியா. அவ்வளவுதான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. என் தம்பி தலைகுனிந்து வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத வழக்கு எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். லோரி என் பெயரில் இருந்ததால் மனுவும் என் பெயரில்தான் போனது. சத்தியப் பிரமாணப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் மேலே என் முழுப்பெயர், அப்பாவின் பெயரோடு. கீழே அந்த மாநில அரசாங்கம். இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் சொல், 'லாவான்'. எதிர்த்து என்று பொருள். ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடத் திரும்பிக் கேட்காத ஆள் நான்.

"கூட்டரசும் இந்தக் கேஸுல வந்து பேசலாம். அதுக்கு உரிமை உண்டு" என்றார்.

"நம்ம பக்கமா பேசுவாங்களா?"

"தெரியாது."

இதற்கிடையில் தம்பியின் மேல் இருந்த வழக்கு அந்த மாநிலத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் இரு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் லோரி போய்விடும். நாங்கள் கேட்க நினைத்த கேள்வியும் பலவீனமாகிவிடும்.

அன்று நானும் கூடப் போனேன். கூண்டுக்கு வெளியே வரிசையில் காத்திருந்தபோது, தம்பி என் காதருகே குனிந்தான்.

"அக்கா, ஒத்துக்கிட்டுப் போய்டறேன்."

"என்னடா சொல்ற?"

"எனக்கு முடியலக்கா. சாப்பாடு எறங்க மாட்டேங்குது. மாமா வேற என்னால பயந்துக்கிட்டுக் கெடக்காரு. தொலையட்டும், லோரிதானே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போய் நின்றான். குற்றச்சாட்டை மலாயில் படித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல வந்தபோது, வேண்டாம், புரிகிறது என்று கைகாட்டினான். பிறகு கேட்டார்கள்: "மெங்காகு சாலா?" ஒப்புக்கொள்கிறாயா?

அவன் பேசவில்லை. மாஜிஸ்திரேட் இளவயதுப் பெண். பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பியின் பின்கழுத்துதான் எனக்குத் தெரிந்தது. சட்டைக் காலர் வியர்வையில் நிறம் மாறியிருந்தது. எங்கள் வழக்கறிஞர் திரும்பி என்னைப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்திலும் கலக்கத்தைக் கண்டேன். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். "தம்பி, தப்பு பண்ணினேன்னு ஒத்துக்கிறீங்களா?"

தமிழில் கேட்டதுதான் அவனை உசுப்பியிருக்கவேண்டும். "நான் தப்புப் பண்ணலியே அண்ணே" என்றான். குற்றச்சாட்டுக்குப் பதில் மாதிரி இல்லாமல், தெருவில் யாரோ கேட்டதற்குச் சொல்வதுபோல. மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். எங்கள் வழக்கறிஞர் எழுந்து, கூட்டரசு நீதிமன்றத்தில் மனு இருப்பதைச் சொல்லி, வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டார். கிடைத்தது.

வெளியே வந்ததும் தம்பி சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தான். நான் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒப்புக்கொண்டே போயிருக்கலாமோ என்று அந்த நேரத்தில் எனக்குள்ளும் ஓடியது.

அனுமதி மனு விசாரணை புத்ராஜெயாவில். பெரிய குவிமாடங்கள் வைத்த அந்த நீதிமன்றக் கட்டடத்தை அதுவரை காரில் போகும்போதுதான் பார்த்திருக்கிறேன். உள்ளே குளிர். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாதென்று நுனிக்காலில் நடந்தேன். ஒரே ஒரு நீதிபதி. மாநிலத்தின் வழக்கறிஞர் உயரமானவர், நல்ல குரல். சாக்கடையும் தெருவும் நகராட்சி விவகாரம், அவற்றைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம், ஆகவே அது மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வருகிறது, இதில் கேள்விக்கே இடமில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல, அவர் சொல்வதே சரி என்று எனக்குப் பட்டது.

எங்கள் வழக்கறிஞர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. சாக்கடை மூடியைத் திருடுபவனை இந்தச் சட்டம் தேடவில்லை, எல்லையைத் தாண்டும் லோரியைத் தேடுகிறது, எல்லை தாண்டும் வியாபாரம் யாருடைய அதிகாரம் என்று கேட்டார். நீதிபதி ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார். ஏதோ எழுதினார். பிறகு, இது விசாரிக்கத் தகுந்த கேள்விதான், அனுமதி வழங்கப்படுகிறது என்றார்.

எல்லோரும் குனிந்து வணங்கி எழுந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். முடிந்துவிட்டது என்பதே எனக்குத் தெரியவில்லை.

"ஜெயிச்சிட்டோமா மேடம்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மிஸ்ஸி" என்று சிரித்தார். "கேக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அந்த ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வந்த காலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. காத்திருந்தோம். தம்பி போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் ஷிஃப்ட் வேலைக்குப் போனான். கணவரின் பள்ளியிலிருந்து கடிதம் எது வந்தாலும் அவர் அதைப் பிரிக்கும்வரை நான் அடுப்படியில் அசையாமல் நிற்பேன். ஒருமுறை தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார் என்று கணவர் மதியமே செய்தி அனுப்பினார். வேறெதுவும் எழுதவில்லை. மாலைவரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு நோயாளிக்குத் தவறான பக்கத்து எக்ஸ்ரே படத்தை எடுத்துக் கொடுத்து மருத்துவரிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்பாளராக இருக்கமுடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் லோரியைப் பார்க்கப் போனோம். மாவட்ட அலுவலகத்தின் பின்புறம், கம்பி வேலிக்குள் நின்றது. உள்ளே விடவில்லை. சக்கரங்களில் காற்று பாதி இறங்கியிருந்தது. அடியிலிருந்து புல் வளர்ந்து பம்பரைத் தொட்டிருந்தது. இரும்புக் கதவும் கம்பிகளும் இன்னும் மேலேயே கிடந்தன. மழையில் அவற்றிலிருந்து வழிந்த துரு லோரியின் பக்கவாட்டில் கோடுகோடாக இறங்கியிருந்தது. தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பேட்டரி செத்திருக்கும்" என்றான்.

முழு விசாரணை நடந்த அன்று வரிசையாக நீதிபதிகள் அமர்ந்திருந்தார்கள். கூட்டரசின் சார்பில் வந்த வழக்கறிஞர் எழுந்தபோது நான் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தேன். அவர் எங்கள் பக்கமும் முழுதாகப் பேசவில்லை, மாநிலத்தின் பக்கமும் பேசவில்லை. சட்டத்தின் பெரும்பகுதி நிற்கலாம், எல்லை தாண்டுவதைப் பற்றிய பிரிவு மட்டும் கூட்டரசின் அதிகாரத்துக்குள் வருகிறது என்றார். மாநிலத்தின் வழக்கறிஞர் முகம் இறுகியது.

அப்போது ஒரு நீதிபதி எங்கள் வழக்கறிஞரைக் கேட்டார். சாக்கடை மூடி திருடுபோன இடத்தில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர் விழுந்து இறக்கிறார். அந்த மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்கிறீர்களா?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டுச் சந்திலேயே மூடி இல்லாத சாக்கடை ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதன்மேல் பழைய பலகையைப் போட்டு, அதன்மேல் சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டுவைத்திருந்தார். அதைத் தினமும் தாண்டித்தான் நான் ரயிலுக்குப் போகிறேன். நீதிபதி கேட்டது நியாயமான கேள்வி. நானே அந்த மாநிலத்தில் குடியிருந்தால் இந்தச் சட்டத்தைக் கைதட்டி வரவேற்றிருப்பேன் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. நான் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனோ?

எங்கள் வழக்கறிஞர் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொன்னார். மாநிலம் திருடனைப் பிடிக்கட்டும், கடைகளைச் சோதிக்கட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் நல்ல காரணம் இருப்பதாலேயே இல்லாத அதிகாரம் வந்துவிடாது, இங்கே கேட்கப்படுவது அதிகாரத்தைப் பற்றி மட்டுமே என்றார். அவர் அலுவலகத்தில் எனக்குப் பிடிக்காமல் போன அதே பேச்சு. இந்த முறை அதைப் பிடித்துக்கொண்டு நான் மூச்சு விட்டேன்.

தீர்ப்பைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் காத்திருப்பு.

தீர்ப்பு நாள் ஒரு வியாழக்கிழமை. நான் மட்டும் போவதாக இருந்தது. தம்பி வரமாட்டேன் என்றுவிட்டான். காலையில் கணவர் பாத்தேக் பூச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை அதைத்தான் போடவேண்டும்.

"ஸ்கூலுக்கு நேரமாகலியா?"

"லீவு போட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு இந்தச் சட்ட?"

"அரசாங்க ஆளுதானே நான்" என்றார். நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. சற்று நேரம் கழித்து எழுந்துவந்து அதில் உட்கார்ந்தார்.

தீர்ப்பின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் படித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கணவர் முழங்கையால் என்னை இடித்தார். "செல்லாதாம்" என்றார், மிகவும் மெதுவாக. பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு அது. எல்லை தாண்டும் லோரிகளைப் பற்றிய பிரிவு மட்டும் செல்லாது, மற்றவை நிற்கும். ஒரு நீதிபதி மாறுபட்டார். சாக்கடையைப் பற்றிக் கேட்டவர்தான். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தம்பிமேல் இருந்த வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லோரியை வேறொரு லோரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பழுது பார்த்து முடித்ததும், எடுத்து ஓட்டிப்பார் என்று சாவியை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"இல்லக்கா. கெடங்கு வேலயே போதும்."

"டேய், இத்தன பாடு எதுக்குப் பட்டோம்?"

"நீ பட்டேக்கா. எனக்குத் தெரியும். ஆனா போலீஸ் நீலச் சட்டயப் பாத்தாலே எனக்குக் கை நடுங்குது. ஸ்டியரிங்க எப்படிப் புடிக்கறது?"

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர், "விடு, வற்புறுத்தாத" என்றார். சில மாதங்கள் லோரி வாசலில் நின்றது. பிறகு ஒரு நாள் தம்பியே வந்து, செராஸில் ஒரு கடைக்காரரின் பழைய அலமாரிகளை எடுக்கவேண்டும் என்று சாவி கேட்டான். இப்போது வாரத்தில் சில நாள் ஓட்டுகிறான். செராஸ், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான். பக்கத்து மாநிலத்துப் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. அந்தச் சட்டப்பிரிவு இப்போது இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தீர்ப்பு செய்தித்தாளில் வந்த பிறகு எனக்கு ஒரு போன் வந்தது. தம்பியின் கிடங்கில் என் எண்ணை வாங்கிய, முன்பின் தெரியாத ஒருவர், வயதான குரல். அவருடைய லோரியையும் அதே சட்டத்தில்தான் பிடித்தார்களாம். வழக்கை இழுத்தடிக்காமல் ஒப்புக்கொண்டுவிடு என்று யாரோ சொல்ல, ஒப்புக்கொண்டாராம். லோரி ஏலத்தில் போய்விட்டது.

"அந்தச் சட்டமே செல்லாதுன்னு சொல்லிட்டாங்களாமே அக்கா. அப்ப எனக்கு ஏதாச்சும் திரும்பக் கெடைக்குமா?"

என்னைவிட மூத்தவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது சங்கடமாக இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அன்று தம்பி கூண்டருகே பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் நினைவுக்கு வந்தது. இந்த மனிதரும் அப்படித்தான் நின்றிருப்பார். வேறு பதிலைச் சொல்லியிருப்பார்.

அவரைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொல்லி, வழக்கறிஞரிடம் அழைத்துப்போனேன். மேல்முறையீட்டுக்கான கெடு தாண்டிவிட்டது, கெடுவை நீட்டச் சொல்லி முதலில் ஒரு நீதிமன்றத்தைக் கேட்கவேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் அவர். மனு போட்டிருக்கிறார்கள். அதற்கு நாள் குறித்த அன்று நானும் கிளினிக்கில் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். தவணைதான் கொடுத்தார்கள். அடுத்த தவணைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.